நூலின்மேல் வரைந்த பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் எண்ணக்கூடும். படிக்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் நூலைத் தமதாக்கிக்கொண்ட வரலாறு இது. ஆகவே இம்மேடைக்கு உரியதே.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கிருந்து ஓர் ஆற்றைக் கடந்தால் பிராங்ஸ் பகுதி. 1970களில் தென் பிராங்ஸில் வீடுகள் தெருத்தெருவாக எரிந்து பாழாயின. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும் மிகுந்து வாழ்ந்த அவ்விடத்துப் பள்ளி ஒன்றில், 1980களின் தொடக்கத்தில், டிம் ராலின்ஸ் என்னும் இளம் ஓவியர் ஆசிரியராகச் சேர்ந்தார். அவரிடம் ஒப்படைக்கப்பட்டோருள் பலர் கற்றல் குறைபாடு உடையவர் என்று முத்திரை குத்தப்பட்டவர். முத்திரை குத்துவது எந்நாட்டிலும் எளிய வேலைதான்.

அவர் ஒரு நூலை உரக்கப் படிப்பார். கேட்டவாறே பிள்ளைகள் வரைவர். பின்னர் அந்நூலின் தாள்களைப் பிரித்துத் துணியில் ஒட்டி, பேசி முடிவு செய்த உருவத்தை அவற்றின்மேல் தீட்டுவர்.

நூலைப் பிரித்து ஒட்டுவதா? முதல் தலைமுறையாக நூல் நுழைந்த வீட்டில் வளர்ந்தவன் நான். கீழே விழுந்த புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் இன்றும் என்னை விடவில்லை. முதலில் என் மனம் ஒப்பவே இல்லை. ஆனால் நூலைத் தொழுவது வேறு, நூலோடு வாதாடுவது வேறு. நாம் தொழுவதோடு நின்றுவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்குண்டு.

காஃப்காவின் 'அமெரிக்கா' என்னும் நாவலின் இறுதியில், வருவோர் அனைவரையும் ஏற்கும் ஒரு நாடகக் குழு வருகிறது. அதன் வாயிலில் தேவதை வேடமிட்ட பெண்கள் நீண்ட எக்காளம் ஊதுகின்றனர். உன் விடுதலைக் குரல் ஒரு பொற்கொம்பாயின் அதன் வடிவம் யாது என்று பிள்ளைகளிடம் கேட்டார் ஆசிரியர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வரைந்தனர். அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரே படமாக்கினர். கொம்புகளுக்கு இடையே காஃப்காவின் அச்செழுத்துகள் தெரிகின்றன. கறுப்பு மனிதனை மனிதனாகக் காண மறுக்கும் உலகத்தைப் பற்றி ரால்ஃப் எல்லிசன் 1952இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலின் தாள்கள்மேல், அத்தலைப்பின் முதலெழுத்துகளான 'ஐ', 'எம்' இரண்டை மட்டும் பெரிதாகத் தீட்டினர். சேர்த்துப் படித்தால் 'நான்' என்று தன்னை அறிவிக்கத் தொடங்கும் ஆங்கிலச் சொல் அது.

இக்குழு கே.ஓ.எஸ். எனப் பெயர் கொண்டது. பிழைத்து நிற்கும் பிள்ளைகள் என்பது பொருள். 1987இல் ஜெர்மனியின் காசல் நகரிலும் 1988இல் வெனிஸ் நகரிலும் நடந்த பெருங்கண்காட்சிகளில் அவர்களின் படங்கள் இடம்பெற்றன.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. படங்கள் 'டிம் ராலின்ஸும் கே.ஓ.எஸ்.ஸும்' என்ற பெயரில் வந்தன. ஆசிரியருக்குத் தனிப் பெயர். பிள்ளைகளுக்குக் கூட்டுப் பெயர். பிள்ளைகளின் உழைப்பில் ஆசிரியர் புகழ் பெறுகிறார் என்று அந்நாட்டிலேயே சிலர் குறை கூறினர். அக்குறையை நான் முற்றும் ஏற்கவில்லை. 2017இல் ராலின்ஸ் மறைந்தபின், அன்றைய பிள்ளைகளுள் சிலர் வளர்ந்த ஓவியர்களாக நின்று பணியைத் தொடர்ந்தனர். ஆயினும் கல் சுமந்தவன் பெயரைக் கல்வெட்டில் காணாத மக்கள் நாம். இதை எளிதாக விட்டுவிட முடியாது.

கழகத்திடம் நான் கேட்பது, வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலையும் நம் நூலகத்தின் ஒரு மூலையும்தான். தேர்வுக்கு உதவாது என்பர், உதவாமலே போகட்டும். பழைய தாள், பசை, வண்ணம் ஆகியவற்றை நானே கொண்டுவருகிறேன். பிள்ளைகளில் ஒருவர் படிக்க, மற்றவர் வரையட்டும். பெரியவர்களும் வந்து அமர்ந்து பேசலாம். முடிந்த படத்தின் கீழே கைவைத்த ஒவ்வொருவர் பெயரும் முழுமையாக எழுதப்பட வேண்டும். முதல் நூலை எதுவென்று பிள்ளைகளே சொல்லட்டும்.