இளையர் என்று இகழலாமோ?

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்தோர்களே, தாய்மார்களே, நேற்று முதல் பந்தற்கால் நட்டு, நாற்காலி சுமந்து, இப்பொழுது அமர இடமின்றிப் பின்வரிசையிலே நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே!

யாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழித்து வருகிறோம். கோப்புகளைப் புரட்டிப் பழகிய கைகள், நல்ல நூல்களை ஓய்வு நேரத்திலே புரட்டியதுண்டு. அவ்வளவே எம் தகுதி. ஆயினும் “பேசுக” என்று செயலாளர் பணித்தார். எதைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணியபோது, சென்ற திங்கள் நம் செயற்குழுவிலே எழுந்த ஒரு சொல் எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. “வயது போதாது” என்பதே அச்சொல். அதைப் பற்றியே சில கூற விழைகிறோம்.

“மீசை முளைக்காதவன் நமக்குத் தலைவனா?” என்னும் கேள்வி இன்று பிறந்ததன்று. தமிழ் எவ்வளவு பழையதோ, அக்கேள்வியும் ஏறத்தாழ அவ்வளவு பழையது. கரிகாற் சோழனைப் பற்றி வழங்கும் கதையை நீங்கள் அறிவீர்கள். முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறும் அதனைக் குறிக்கிறது. நரைத்த முதியோர் இருவர் தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ள அரசவைக்கு வந்தனர். அரியணையில் இருந்தவன் இளைஞன். “இவ்விளையவனா நம் வழக்கின் உண்மையைக் காணப்போகிறான்?” என்று அவர்கள் ஐயுற்றனர். அதனை உணர்ந்த மன்னன், நரைமுடி அணிந்து முதியவனைப் போல் வந்தமர்ந்து, இருவர் சொல்லையும் கேட்டுத் தீர்ப்பு வழங்கினான். முதியோர் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டனர்.

இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் கரிகாலனின் அறிவை வியப்பதோடு நிறுத்திக்கொள்வர். அந்நூலோ, குலத்தில் வழிவழியாக வரும் அறிவு கல்லாமலே கைகூடும் என்னும் பழமொழிக்கு இதனைச் சான்றாக்குகிறது. பாட்டன் சொத்தென்று ஒரு முழ நிலமுமின்றி இம்மண்ணுக்கு வந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் அப்பழமொழியை அப்படியே ஏற்றல் இயலாது. நமக்குத் தோன்றும் வினா வேறு. நரைமுடி அணிவதற்கு முன்னும் பின்னும் அம்மன்னன் ஒருவனே. தீர்ப்பும் ஒன்றே. மாறியது முடியின் நிறம் மட்டுமே. அவ்வாறாயின் அம்முதியோர் வணங்கியது அறிவையா, முடியையா?

எல்லா இளைஞரும் நரைமுடி தேடிச் சென்றாரல்லர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை, “இவன் சிறுவன்” என்று பகையரசர் எள்ளினர். சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவர் சேர்ந்து அவன்மேல் வந்தனர். அப்போது அவன் கூறிய வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாட்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிலே அவன் தன் வீரத்தை மட்டும் பேசினானில்லை. தான் தோற்பானாயின் குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று கண்ணீரோடு பழிக்கட்டும் என்றான். மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது நீங்கட்டும் என்றான். இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை அடையட்டும் என்றான். குடிகளின் கண்ணீருக்கும் சான்றோரின் சொல்லுக்கும் வறியவரின் கைக்கும் அஞ்சியவனே தலைவன். அந்த அச்சம் அவனுக்கு இளமையிலேயே இருந்தது.

அப்போர்க்களத்தில் அவனைக் கண்ட இடைக்குன்றூர் கிழார், சிறுவர் அணியும் ஐம்படைத்தாலியை அவன் இன்னும் களையவில்லை என்று பாடினார். பகைவரைக் கண்டு அவன் மலைக்கவுமில்லை, இகழவுமில்லை. வென்றபின் தன்னைப் பெரியவனாக எண்ணிக் களிக்கவுமில்லை என்றும் பாடினார். நண்பர்களே, முதிர்ச்சியின் அளவுகோல் இதனினும் வேறு உண்டோ?

வள்ளுவப் பெருந்தகை ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே “தெரிந்து தெளிதல்”, “தெரிந்து வினையாடல்” என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக வைத்தார். பிறந்த ஆண்டை வைத்தாரில்லை. உரைகல் என்றால் என்னவென்று வேற்றூரார்க்கு விளக்க வேண்டியிருக்கலாம். கோலார் தங்கவயலில் பிறந்த நமக்கு விளக்க வேண்டுமா? நம் சுரங்கத்துப் பாறையிலே பொன் கண்ணுக்குத் தெரிவது அரிது. பளபளப்பதெல்லாம் பொன்னன்று, மங்கிக் கிடப்பதெல்லாம் வெறுங்கல்லும் அன்று. பொடித்துச் சோதித்த பின்னரே இது பொன்தாங்கிய பாறை என்று கூறுவர். பாறைக்குக் காட்டிய அப்பொறுமையை நாம் மனிதருக்குக் காட்டுவதில்லை என்பதே எம் வருத்தம்.

இவ்வூரின் வரலாறும் ஓர் உண்மையை உரைக்கிறது. 1880ஆம் ஆண்டு தொடங்கி ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கம் நடத்தினர். வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் வந்து பாறையை உடைத்தனர். மேற்பதவிகள் வெள்ளையர்க்கு; பாறையும் புழுதியும் நமக்கு. சீமையிலிருந்து வந்திறங்கிய இளந்துரையின் முன் தலைநரைத்த மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கைகட்டி நிற்பார் என்று எம் பாட்டனார் கூறுவார். அந்தத் துரைக்கு வயது போதாது என்று அன்று எவரும் கூறினாரில்லை. ஆகவே வயது என்னும் அளவுகோல் எல்லார்க்கும் எடுக்கப்படுவதன்று. எளிய வீட்டுப் பிள்ளை மேலேறும்போதும், பெண்பிள்ளை மேலேறும்போதும் மட்டுமே அது பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

யாம் இரயில்வேக்காரர் ஆதலால் எம் துறையிலிருந்தும் ஒரு சான்று கூறுவோம். இங்கிலாந்திலே கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயை அமைத்தபோது, அதன் தலைமைப் பொறியாளர் புரூனல், 1837ஆம் ஆண்டில் இயந்திரப் பகுதிக்குத் தலைவராக டேனியல் கூச் என்பவரைத் தேர்ந்தார். அன்று கூச்சுக்கு 21 வயது நிரம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. அவர் பொறுப்பேற்ற காலத்தில் வந்துசேர்ந்த இயந்திரங்களுள் பல ஓடும் தகுதியற்றவை. அவ்விளைஞர் இரவெல்லாம் கொட்டகையிலே இருந்து அவற்றைப் பழுதுபார்த்து மறுநாள் ஓடச் செய்தார். பின்னர்த் தாமே நல்ல இயந்திரங்களை வடிவமைத்தார். ஸ்விண்டன் நகரில் பெரும் பணிமனை அமையக் காரணமானார். 1865ஆம் ஆண்டில் அந்த இரயில்வே முழுமைக்கும் அவரே தலைவரானார். அன்று புரூனல் வயதை மட்டும் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கியிருந்தால் இழப்பு கூச்சுக்கு மட்டுமா?

நம் நாட்டிலும் ஒன்று காண்போம். 1962ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நம் கிரிக்கெட் அணித் தலைவர் நாரி கண்டிராக்டர் பந்தடிபட்டு உயிருக்குப் போராடினார். அப்போது 21 வயதே ஆன பட்டோடியிடம் தலைமை வந்தது. முந்திய ஆண்டு நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். அத்தொடரில் நம் அணி தோற்றது, உண்மையை மறைப்பானேன்? ஆயினும் அவரை விலக்கிவிடவில்லை. 1968இல் நியூசிலாந்து மண்ணிலே, அயல்நாட்டில் நம் அணி பெற்ற முதல் தொடர் வெற்றியை அவர் தலைமையிலேயே கண்டோம். இளையவருக்குப் பதவி அளித்தால் மட்டும் போதாது. முதல் தோல்வியைப் பொறுக்கும் காலமும் அளித்தல் வேண்டும்.

இதுவரை பிறர் கதையைக் கூறினோம். இனி எம் கதையைக் கூறாவிடின் இவ்வுரை பொய்யுரையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணிசெய்த ஓர் அலுவலகத்திற்கு 27 வயது இளைஞர் ஒருவர் கண்காணிப்பாளராக வந்தார். துறைத் தேர்வெழுதித் தேறி வந்தவர். எமக்கோ அப்போது பத்தொன்பது ஆண்டுப் பணி. யாமும் எம்மோடொத்த சிலரும் அவரைத் “தம்பி” என்றே அழைத்தோம். தம்பி என்பது அன்புச்சொல். ஆனால் கடைநிலை ஊழியர் முன்னும் வெளியார் முன்னும் வேண்டுமென்றே அச்சொல்லைக் கூறி அவரைச் சிறியராக்கினோம். அமுதமான சொல்லில் நஞ்சு கலந்தோம். அவரோ எம்மை “ஐயா” என்றே அழைத்து வந்தார்.

அக்காலத்தில் இறந்துபோன ஒரு கேங்மேனுடைய மனைவியின் குடும்ப ஓய்வூதியம் தடைப்பட்டு நின்றது. சேவைப் பதிவேட்டில் அவ்வம்மையாருக்கு ஒரு பெயர். குடும்ப அட்டையில் வேறொரு பெயர். இளைஞர் பல வழியிலும் முயன்று விடை காணாது தவித்தார். எமக்கு விடை தெரியும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அக்கேங்மேன் அளித்த நியமனப் படிவத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன. அதனை நிரப்பியது எம் கையே. அது பழைய பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. “தேர்வெழுதி வந்தவர்தாமே, தாமே கண்டுபிடிக்கட்டும்” என்று வாய்மூடி இருந்தோம். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, இரண்டு மாதம்!

ஒருநாள் அவ்வம்மையார் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளைஞர் எழுந்து நாற்காலி இட்டு அமரச் செய்து, “நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் அம்மா” என்றார். அம்மையார் கூறிக்கொண்டே வந்து, எம்மைச் சுட்டி, “என் இரண்டு பேரையும் அன்றைக்கு இந்த ஐயாதானே எழுதிக்கொண்டார்?” என்றார். அலுவலகம் முழுதும் எம்மை நோக்கியது. நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது எமக்கு. அந்த இளைஞர் எம்மை அவமதித்திருக்கலாம். மேலிடத்திற்கு எழுதியிருக்கலாம். அவர், “பழைய செய்தி; வேலைப் பளுவில் ஐயாவுக்கு மறந்திருக்கும்” என்று மட்டும் கூறினார்.

அன்று மாலை படிவத்தை எடுத்துச் சென்று அவர் மேசைமேல் வைத்தோம். அவர் கூறியது இதுவே: “ஐயா, இந்த அலுவலகத்தில் எனக்குத் தெரியாதவை நிரம்ப உண்டு. எடுத்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள் என்னும் துணிவில்தான் இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன்.” எமக்குப் பேச நாவெழவில்லை. மறுநாள் முதல் அவரைச் “சார்” என்று அழைத்தோம். எவரும் கட்டளையிட்டு அன்று. அவ்வம்மையாருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் எம் செருக்கினால் அவர் வீட்டு அடுப்பு எரியாத நாட்களை யாம் எங்ஙனம் திருப்பித் தருவோம்?

இதனால் அனுபவம் வேண்டா என்று யாம் கூறுவதாகக் கருதற்க. சுரங்கத்தில் பாறை வெடிக்குமுன் எழும் ஒலியை முதிய தொழிலாளியின் செவி அறியும். புதியவர் செவி அறியாது. அதனால் உயிர் பிழைத்தோர் நம் வீடுகளிலேயே உண்டு. வள்ளுவரும் “பெரியாரைத் துணைக்கோடல்” என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தலைப்பை எண்ணிப் பாருங்கள். பெரியவரைத் துணையாகக் கொள்க என்றே பணித்தார். துணையாவார் வழியை அடைத்து நிற்பவரல்லர். அறிந்ததை மறைக்காது கூறுதல் மூத்தோர் கடன். அறியாததை நாணாது கேட்டல் இளையோர் கடன். இரண்டில் ஒன்று தவறினும் பணி கெடும். பணி கெட்டால் துன்புறுவோர் எங்கோ இருக்கும் எளியோர்.

சட்டம் நம்மை முந்திச் சென்றுவிட்டது. 1989ஆம் ஆண்டு முதல் 18 வயதினர்க்கு வாக்குரிமை உண்டு. 25 வயதில் மக்களவைக்கே போட்டியிடலாம். 2020இல் திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு 21 வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானார். 2022இல் சென்னைக்கு முப்பதை எட்டாத பிரியா மேயரானார். மாநகரத்தையே இளம்பெண்ணிடம் ஒப்படைக்க நாடு துணிந்தது. நம் சங்கத்தின் சாவிக்கொத்தை ஒப்படைக்க நாம் தயங்குகிறோம்!

ஆம், செயற்குழுவில் நிகழ்ந்ததற்கே வருகிறோம். அடுத்த ஆண்டுச் செயலாளர் பொறுப்புக்கு நம் காலனிப் பெண் ஒருவரின் பெயர் முன்மொழியப்பட்டது. வயது 24. விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரில் வேலைபார்த்து, இரவில் வீடு திரும்புபவர். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு இக்கட்டடத்திலே தமிழ் எழுத்துக் கற்பிப்பவரும் அவரே. “சின்னப் பெண், நாளைக்கே மணமாகிப் போய்விடுவாள்” என்றார் ஒருவர். பேச்சு அத்துடன் நின்றது. யாமும் அங்கே இருந்தோம். வாய் திறந்தோமில்லை. பழைய பீரோவைப் பற்றி மூடிய அதே வாய்!

அன்பர்களே, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. எம் தந்தையாரும் உங்களுள் பலரின் தந்தையாரும் அன்று வேலையிழந்தனர். பொன் போயிற்று, சயனைடு மண்மேடுகள் எஞ்சின. இவ்வூரை இன்று தாங்கி நிற்பவர்கள் காலை வண்டியில் ஏறும் இப்பிள்ளைகளே. வீட்டுச் செலவைச் சுமக்க வயது வந்தவர்கள், சங்கத்தைச் சுமக்க வயது வராதவர்களா? இங்கே இடமில்லை என்று கண்டால் அவர்கள் பெங்களூரிலேயே தங்கிவிடுவர். பின்னர் இக்கட்டடத்திலே நாற்காலிகள் இருக்கும், சுமக்க ஆளிராது.

ஆகவே எம் வேண்டுகோள் இது. வரும் பொதுக்குழுவில் அப்பெண்ணின் பெயரை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு பொறுப்பளியுங்கள். மூத்தோர் இருவர் துணை நிற்கட்டும். கணக்கை எல்லார்க்கும் போலவே தணிக்கை செய்யுங்கள். செயல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். மாற்றுக் குறைந்தால் அப்போது கூறுங்கள், கேட்டுக்கொள்கிறோம். உரைக்காமலே ஒதுக்காதீர்கள். இம்முறை பெயரை முன்மொழிய யாமே எழுவோம். நரைமுடி தேடிக்கொண்டு வரும்படி நம் பிள்ளைகளை நாம் பணிக்கலாகாது.