முதலில் அடையாளம், பிறகுதான் பழுது

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், 1974-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "நீ இங்கிலாந்தில் செய்த ஏதாவது ஒரு வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசு" என்றார். முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் செய்த வேலையைச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதுவும் சாப்பாட்டில் பாயசம் வேறு இருந்தது. அதனால் ஓய்வு பெற்ற பிறகு செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு பழைய கேரவனைப் பழுது பார்த்த கதை.

கேரவன் என்றதும் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. பேருந்துதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. இங்கிலாந்தில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் இரண்டு சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் ஒரு குதிரை வண்டி வீடு செய்யச் சொல்லி, அதில் ஸ்காட்லாந்து வரை போனார். உல்லாசப் பயணக் கேரவனுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 1919-இல் பர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் காருக்கு ஏற்ற கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. அப்போது அது பணக்காரர் சமாசாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாம் ஆல்பர் என்பவர் நியூமார்க்கெட் ஊரில் 'ஸ்ப்ரைட்' என்ற பெயரில் விலை குறைந்த வண்டிகளைச் செய்தார். அதன் பிறகுதான் தொழிற்சாலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக முடிந்தது.

நான் 1977-இல் கவென்ட்ரி நகரில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு மெஷின் டூல் தொழிற்சாலையில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். 1978 கோடையில் அவர்கள் குடும்பம் வேல்ஸ் கடற்கரையில் பார்மத் என்ற ஊருக்குப் போனபோது, "நீ மட்டும் இங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய்?" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் பச்சை நிறக் கேரவன். ஒரு வாரம். நான்கு நாள் மழை. அந்த மழைச் சத்தம் தகரக் கூரையில் விழுந்தபோது, எனக்கு எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பை தேநீரைக் கதவோரப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஊரை விட்டு வந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

2009-இல் வீட்டுக்காரர் காலமானார். 2013-இல், நான் ஓய்வு பெற்ற அதே வருடம், அந்த அம்மா வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போனார்கள். பின்தோட்டத்தில் தார்ப்பாயின் கீழ் அந்தக் கேரவன் கிடந்தது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, எடுத்துப்போக நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டும் என்றார்! "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சொன்னதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

இனி பொறியாளர்களுக்கான பகுதி. அங்கே காருக்குப் பதிவுச் சான்று உண்டு; கேரவனுக்குக் கிடையாது. பின்னால் மாட்டும் நம்பர் பிளேட் இழுக்கும் காருடைய எண்தான். 1992-இல்தான் கேரவன்களுக்கு 17 இலக்க எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றும் ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தைய வண்டி எந்த மாடல், எந்த ஆண்டு என்பதை அந்த வண்டியே சொன்னால்தான் உண்டு. கல்வெட்டு படிக்கிற மாதிரி.

நான் படிக்கவில்லை. அங்கேதான் தப்பு பண்ணினேன்.

உள்ளே பார்த்தேன். ஆரஞ்சு நிற மெத்தை உறை, பிளாஸ்டிக் ஒட்டிய மேசை, பூப்போட்ட தரைவிரிப்பு. சரி, இது 1970-களின் வண்டி, அப்படியொன்றும் அபூர்வமில்லை என்று முடிவு கட்டினேன். ஒரு பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியை வாடகைக்கு எடுத்தேன். இரண்டே நாளில் அலமாரி, சுவர்ப் பலகை, மேசை, சின்னச் சின்னத் தட்டு எல்லாவற்றையும் பிடுங்கி அதில் போட்டேன். ஒரு போட்டோ எடுக்கவில்லை. ஒரு அளவு எடுக்கவில்லை. நம் பட்டறை ஆசிரியர் முதல் நாள் சொன்னது என்ன? "கழற்றுவதற்கு முன் வரை. வரைவதற்கு முன் அள." ஆசிரியர் இன்று இருந்திருந்தால் அந்த ஸ்கேலாலேயே அடித்திருப்பார்.

குப்பைத் தொட்டி போன பிறகுதான் சான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் முன் ஜன்னல். அந்தக் காலக் கடினக் கண்ணாடிகளில் தயாரிப்பாளர் முத்திரையில் சின்னப் புள்ளிகள் வைத்து ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிப்பது வழக்கம். எனக்குக் கிடைத்த இலக்கம் 6. ஆனால் 1956-ஆ, 1966-ஆ, 1976-ஆ? இரண்டாவது, முன்பக்க இழுவைச் சட்டம். தார்ப் பூச்சைச் சுரண்டியதும் அடிச்சட்ட எண் பொறித்த தகடு வெளிப்பட்டது. மூன்றாவது, சுவர்ச் சட்டத்தின் உட்புறம் பென்சிலால் எழுதிய எண். தொழிலாளி எழுதியது, பலகையை அடித்த பின் யாரும் பார்க்க முடியாத இடம். நான்காவது, பழைய கேரவன் ஆர்வலர் ஒருவர் காட்டிய விற்பனைச் சிற்றேடுகள். ஜன்னல்களின் எண்ணிக்கை, கதவின் இடம், கூரையின் வளைவு ஆகிய மூன்றும் ஒரே படத்தோடு பொருந்தின. ஸ்ப்ரைட் ஆல்பைன், 1966.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் மாற்றுவார்கள். டயரும் விளக்கும் அப்படித்தான். ஒரு பாகத்தின் தேதி அந்தப் பாகத்துக்குத்தான் தேதி, வண்டிக்கு அல்ல. மாற்ற முடியாத பாகங்களும் மாற்றக்கூடிய பாகங்களும் ஒரே ஆண்டைச் சொன்னால்தான் நம்பலாம். நான் மெத்தை உறையைப் பார்த்து முடிவு செய்தேன். மாப்பிள்ளையின் வயதைப் பட்டு வேட்டியை வைத்துக் கணக்குப் போட்ட மாதிரி.

பழுது பார்த்த விவரத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்த வண்டிகளின் உடல் ஒரு சாண்ட்விச். நடுவில் மெல்லிய மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஹார்டுபோர்டு. மூலைகளில் அலுமினியப் பட்டி. அதன் கீழே நீர் புகாமல் இருக்க மாஸ்டிக் என்ற பசை. அந்தப் பசை காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் ஊறவைத்த ரஸ்க் மாதிரி இருக்கும். இரும்பு ஸ்குரூவும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்த இடத்தில் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும்.

எனவே பட்டிகளைக் கழற்றி, உளுத்த மரத்தை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புது மரத்தைச் சாய்வாக இழைத்து ஒட்டினேன். ஓர் அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குல நீளச் சாய்வு. அப்போதுதான் பசைக்குப் பிடிமானம். பட்டிகளின் கீழே இறுகிப்போகாத மாஸ்டிக்தான் வைத்தேன், சிலிக்கோன் வைக்கவில்லை. நாளைக்கு இன்னொருவன் இதைக் கழற்ற வேண்டும் அல்லவா? அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகையை, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்ற பயத்தில், நல்ல வேளையாக நான் தொடவில்லை. அதற்கென்று உள்ள ஆட்களிடம் விட்டேன். எரிவாயுக் குழாய்களையும் உரிமம் உள்ளவர்தான் மாற்றினார். அறுபது வயதில் வீரம் காட்டக் கூடாது.

இழுவைக் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் 2 அங்குலப் பந்துக்கான கிண்ணம் இருப்பதுண்டு. இன்றைய கார்களில் பந்து 50 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.8 மில்லிமீட்டர்தான். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் கிண்ணம் பந்தை விட்டுக் குதிக்க அது போதும். மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

இன்னொரு சுவையான செய்தி. சுவரில் எரிவாயு விளக்கு இருந்தது, நம் பெட்ரோமாக்ஸ் போல மேன்டில் வைத்தது. நாகர்கோவில் பக்கத்து நண்பருக்கு, விடுதியில் என் பக்கத்து அறைக்காரர், பெயர் சொன்னால் எழுந்து நின்றுவிடுவார், போனில் பெருமையாகச் சொன்னேன். "ஏண்டா, அந்த மேன்டில்ல இருக்கிறது தோரியம். ஒரு காலத்துல அதுக்கு மணல் எங்க மணவாளக்குறிச்சியில இருந்துதான் கப்பல் ஏறிச்சு. நீ என்னமோ இங்கிலாந்து விளக்குங்கிற!" என்றார். உண்மைதான். கயிற்றோடு ஒட்டிப்போன மணலைப் பார்த்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். 1910-களில் ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகளுக்கு நம் கடற்கரை மோனசைட் மணல் போனது. 1966 விளக்குக்கும் அந்த மணலுக்கும் நேரடி உறவு இல்லை என்று நான் வாதாடினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதியிலும் அப்படித்தான்.

மூன்று வருடம் ஆனது. 2016 கோடையில் வண்டி தயார். பச்சைப் பெயிண்டைத் தேய்த்து, அடியில் இருந்த தொழிற்சாலை நிறங்களையே மறுபடி அடித்தேன். உள்ளே எல்லாம் சிற்றேட்டில் உள்ளபடி. பார்த்த ஆர்வலர்கள் கைகொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கார அம்மாவைக் காரில் அழைத்து வந்தேன். அப்போது அவர்களுக்கு எண்பது வயது. படியில் கைபிடித்து ஏற்றினேன். உட்கார்ந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது யாரோட வண்டி?" என்றார்கள்.

குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடினார்கள். அவர்கள் கை கதவோரச் சுவரில் எதையோ தடவியது. அந்தத் தேநீர்ப் பலகை! கீல் வைத்து மடக்கக்கூடிய சின்னப் பலகை. தொழிற்சாலை வைத்தது அல்ல. 1971-இல் பழைய வண்டியாக வாங்கிய பிறகு வீட்டுக்காரர் தன் கையால் செய்து மாட்டியது. பச்சைப் பெயிண்ட் அவர் அடித்தது. ஆரஞ்சு உறை அந்த அம்மா தைத்தது. நான் குப்பை என்று எறிந்தது எல்லாம் அவர்கள் இருவரின் வேலை. நான் மீட்டது, 1966-இல் கடையில் நின்ற, யாரும் ஏறாத ஒரு வண்டி.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் ஒட்டுப்பலகை வாங்கி, ஞாபகத்தில் இருந்தபடி ஒரு பலகை செய்தேன். அடுத்த வாரம் மறுபடி அழைத்து வந்தேன். பார்த்ததும், "இன்னும் கீழே. நான் குட்டை. உட்கார்ந்தபடியே எட்டணும்னுதான் அவர் செய்தார்" என்றார்கள். உட்காரச் சொல்லி, கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் மாட்டினேன். தேநீர் வைத்தோம். அன்றைக்கும் மழை தூறியது. அவர்கள் ஒரு மணி நேரம் இருந்தார்கள், அதிகம் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் காலமானார்கள்.

வண்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர்கள் அந்தப் பலகையைக் காட்டி, "இது அசல் அல்ல" என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். குறைக்கட்டும்.

முடிக்கிறேன். நேற்று நம் பழைய பட்டறைப் பக்கம் போனேன். பெல்ட்டில் ஓடும் அந்த லேத் மூலையில் கிடக்கிறது. கட்டடம் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு நல்ல பட்டறை வேண்டும். ஒரே ஒரு விண்ணப்பம். இடிப்பதற்கு முன், சங்கத்தின் செலவில் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வோர் இயந்திரத்தையும் போட்டோ எடுங்கள், அளவு எடுங்கள். தகட்டில் உள்ள எண்ணை மட்டும் குறித்தால் போதாது. அதை ஓட்டிய பட்டறை உதவியாளர்கள் யார் இருக்கிறார்களோ, அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, எந்தப் பிடி எதற்கு, எந்த ஒட்டு யார் போட்டது என்று கேட்டு எழுதுங்கள். முதல் செலவுக்கு என் பங்கைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.

அந்த லேத்தின் டூல் போஸ்டில் ஒரு வெட்டுக்காயம் இருக்கும். அது நானும் நாகர்கோவில்காரரும் 1972-இல் செய்தது. யார் தப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. தயவுசெய்து அதையும் குறித்துவையுங்கள்.