நோயாளிக்கு உதவும் இணையதளம்

(போலகத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் தத்தம் இணையதளங்களில் நோயாளிக்கு எவற்றை எடுத்துரைத்தல் வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் ஐயுறக்கூடும். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்தார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைப் பிழையாது ஊட்டுவான். இந்நான்கனுள் இடையிலுள்ள இரண்டையே இணையதளங்கள் பெரும்பாலும் பேசுகின்றன. முதலும் ஈறும் மறக்கப்படுகின்றன. இதுவே என் முறையீடு.

சென்ற ஆண்டு நம்மவருள் ஒருவர்க்கு வாயில் புற்று உண்டென்று தெரிந்தது. அவர் மகன் கைப்பேசியை நீட்டி, "ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றான். கட்டடத்தின் படம், மருத்துவர்களின் பட்டங்கள், யந்திரங்களின் பெயர்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. நோயாளி எவற்றைக் கொண்டுவரல் வேண்டும் என்பது மட்டும் ஓரிடத்தும் இல்லை. இரவெல்லாம் பேருந்தில் சென்றனர். சதைத்துணுக்கைச் சோதித்த ஸ்லைடும், மெழுகிற் பதித்த பிளாக்கும் எங்கே என்று கேட்டனராம். அவையோ முன்னர்ச் சோதித்த ஆய்வுக்கூடத்திற் கிடந்தன! திரும்பிவந்து அவற்றைப் பெற்று மீண்டும் சென்று மருத்துவரைக் காண்பதற்குள் பன்னிரண்டு நாள் கழிந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் அந்நாட்கள் மிஞ்சியிருக்கும் அல்லவா?

இனி, பொருட்செலவைக் கருதுவோம். நம் ஊர் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ தமிழ்நாட்டு மக்களுக்கே உரியது. நடுவணரசு 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை, அத்திட்டத்திற் சேர்ந்த பிறமாநில மருத்துவமனைகளிலும் செல்லும். எந்த அட்டை எச்சிகிச்சைக்குச் செல்லும் என்பதைத் தெளிய எழுதாவிடின், ஏழை வாயில்வரை சென்று மீள்வான்.

மற்றொன்று உயிரையே பற்றியது. கீமோதெரபி மருந்தேற்றிய பின் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும். பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் மிகத் தாழும். அக்காலத்துக் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டின், விடியட்டும் என்று காத்திராது உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். இஃதறியாத நம் தாய்மார் கஷாயம் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைப்பர். அன்பிற் குறையில்லை, அறிவிப்பார் இல்லாமையே குறை. இவ்வெச்சரிக்கையும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் முதற்பக்கத்திலேயே, நல்ல தமிழில், பெரிய எழுத்தில் விளங்குதல் வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரே வித்தாகி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. உடனிருந்தவர் துயரினின்று ஒரு மருத்துவமனையே பிறந்ததெனின், அத்தகையோர் சொற்கேட்டு ஓர் இணையதளத்தைத் திருத்துதல் அரிதோ?

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றோரும் அவருக்குத் துணைநின்றோரும், தாம் அறியாது இடர்ப்பட்டவற்றைச் சொல்லுக. நம் இளைஞர் அவற்றை எழுதுக. எழுதியதை எழுத்தறியாத மூதாட்டி ஒருவர்க்குப் படித்துக்காட்டி, அவர்க்கு விளங்காத சொற்களை மாற்றுவோம். பின்னர் அதனை மருத்துவமனைகளுக்கு வணக்கத்துடன் அனுப்புவோம். கேட்பாரும் உளர் என்னும் நம்பிக்கையுடன் அமைகின்றேன்.