இன்யோ கவுண்டியின் நீதிமன்றத் தெரு

இன்றைக்குக் கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கோரத்துக்குப் போகிறோம். இன்யோ கவுண்டி. பெயரைச் சொன்னதும் உங்களில் பாதிப் பேர், "ஓ, டெத் வேலி இருக்கிற இடமா?" என்று கேட்பீர்கள். அதே இடம்தான். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் பள்ளமும், 4,421 மீட்டர் உயர்ந்து நிற்கும் விட்னி சிகரமும் இந்த ஒரே கவுண்டிக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நேர்கோட்டில் 140 கிலோமீட்டர்கூடக் கிடையாது. அதையெல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள், வெயிலில் முட்டை பொரிக்கிற வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். எனவே அந்தப் பக்கம் நாம் போகப் போவதில்லை. எனக்குப் பிடித்த ஒரு தெருவில் உங்களோடு நடக்கலாம் என்று நினைக்கிறேன். ஊர் பெயர் இண்டிபெண்டன்ஸ், தெருவின் பெயர் எட்வர்ட்ஸ். 395ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைந்ததும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, ஊர் முடிந்ததும் மறுபடி நெடுஞ்சாலையாகி விடுகிறது.

இந்த ஊர்தான் கவுண்டியின் தலைநகரம். ஆனால் ஆயிரம் பேர்கூட வசிக்கவில்லை. கவுண்டி முழுக்கவே 2020 கணக்கெடுப்பில் 19,016 பேர்தான். பரப்போ 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவுக்கு அடுத்த பெரிய கவுண்டி இதுதான். பங்கு போட்டால் தலைக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேலேயே கிடைக்கும். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் மேலிடத்திலிருந்து அனுப்பி வைக்கிற கலெக்டர் கிடையாது. ஐந்து தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள், அவர்கள் கூடுகிற வாரியம், அதுதான் ஆட்சி. ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பிடுகிற அதிகாரி, எல்லாரையும் மக்களே ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிறார்கள். நகராட்சி அந்தஸ்து உள்ள ஊர் பிஷப் ஒன்றுதான். மற்ற ஊர்களுக்கெல்லாம் சாலை, காவல், குப்பை என்று எதற்கும் இந்தக் கவுண்டி அலுவலகம்தான் கதி.

சரி, நடப்போம். முதலில் நீதிமன்றம். வெள்ளைத் தூண்களோடு ரோமாபுரிக் கோவில் போல நிற்கிறது. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று யாருக்கும் தோன்றும். 1921இல் கட்டிய இது இந்த ஊரின் நான்காவது நீதிமன்றம். கவுண்டி பிறந்தது 1866இல். முதல் நீதிமன்றத்தை 1872 மார்ச் 26ஆம் தேதி விடியுமுன் வந்த நிலநடுக்கம் சாய்த்தது. தெற்கே லோன் பைன் என்ற ஊரில் மண்வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. 27 பேர் போய்விட்டார்கள். ஊருக்கு வடக்கே சாலையோரம் ஒரு கூட்டுக் கல்லறை இன்றும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இருந்த இயற்கையாளர் ஜான் ம்யூரையும் அதே அதிர்ச்சி எழுப்பிவிட்டது. இரண்டாம் நீதிமன்றம் 1886இல் தீயில் எரிந்தது. 1969இல் பிடிபட்ட கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சனை முதலில் அடைத்து வைத்ததும் இந்த ஊரில்தான். அந்தக் கதையை வேறு யாராவது சொல்லட்டும்.

எதிர்ச்சாரியில் 1927இல் கட்டிய வின்னடூமா ஹோட்டல். படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் தங்கிய இடம். பக்கத்தில் அலபாமா குன்றுகள் இருக்கின்றனவே, அங்கே நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் எடுத்தார்கள். 1939இல் வெளியான 'கங்கா தின்' படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லை என்று காட்டியது இந்தக் குன்றுகளைத்தான். கலிபோர்னியாப் பாறைக்கு நடுவே தலைப்பாகை கட்டிய கூட்டம், யானை, பொற்கோவில்!

அந்தக் குன்றுகளுக்கு அலபாமா என்று ஏன் பெயர் என்றால், அது தனிக் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயர். தென்பக்கத்துக்கு ஆதரவான சுரங்கக்காரர்கள் குன்றுகளுக்கு அதைச் சூட்டினார்கள். 1864இல் அந்தக் கப்பலை மூழ்கடித்தது வடவரின் கப்பல் கியர்சார்ஜ். வடபக்க ஆதரவாளர்கள் விடுவார்களா? இண்டிபெண்டன்ஸுக்கு மேலே இருக்கும் சிகரத்துக்கும் கணவாய்க்கும் கியர்சார்ஜ் என்று வைத்துவிட்டார்கள். கடலைப் பார்க்காத பள்ளத்தாக்கில் ஒரு கடற்போர், இன்றைக்கும் வரைபடத்தில் நடந்துகொண்டே இருக்கிறது.

அலபாமா என்றதும் நான் இன்னொன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர்க் கதை இது.

மேற்கே நிற்கிற சியர்ரா நெவாடா மலை, பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரத்தையெல்லாம் தன் உச்சியிலேயே பனியாகப் பிடித்துக்கொள்கிறது. கீழே பள்ளத்தாக்கில் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் மழை வந்தாலே அதிகம். ஆனால் வெயில் ஏறினால் பனி உருகி, ஓடை ஓடையாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேரும். ஆறு கடலுக்குப் போகாது. தெற்கே 280 சதுர கிலோமீட்டர் பரந்த ஓவன்ஸ் ஏரியில் முடியும். வெள்ளையர் வருவதற்கு வெகு முன்பே பிஷப் பக்கம் பையூட் பழங்குடி மக்கள் வாய்க்கால் வெட்டி இந்த ஓடைகளைத் திருப்பிப் பாய்ச்சினார்கள். 1862இல் ராணுவம் இங்கே முகாம் அடித்தது. மறு ஆண்டே 900க்கும் மேற்பட்ட பையூட்களை மலை தாண்டித் தேஹோன் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். பலர் நாளடைவில் திரும்பி வந்து பார்த்தபோது வாய்க்கால் வேறொருவர் பண்ணைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரர்களின் முறை அடுத்து வந்தது. தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் வளர்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் போதவில்லை. அந்நகரின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1905 வாக்கில் இங்கே வந்து நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்கிக் குவித்தார். மத்திய அரசு பாசனத் திட்டம் கொண்டுவரப் போகிறது, அதற்காகத்தான் வாங்குகிறார் என்று உழவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்துக்கு ஆய்வு நடத்திய பொறியாளர் லிப்பின்காட் அதே நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸிடமும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். விஷயம் பத்திரிகையில் வெளிவந்தபோது பத்திரங்கள் கைமாறி முடிந்திருந்தன. வாய்க்கால் காவலராக வேலையைத் தொடங்கி நகரின் தலைமைப் பொறியாளர் ஆன வில்லியம் மல்ஹாலண்ட், 375 கிலோமீட்டருக்குக் கால்வாயும் குழாயும் போட்டார். பள்ளத்தாக்கு உயரத்தில் இருக்கிறது, நகரம் தாழ்வில் இருக்கிறது. ஒரு பம்புகூட இல்லாமல் தண்ணீர் தானாகவே இறங்கிப் போனது. 1913 நவம்பர் 5ஆம் தேதி மதகு திறந்தபோது, கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் மல்ஹாலண்ட், இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1920களில் வறட்சி வந்ததும் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று பண்ணைகளை வாங்கினார்கள். 1924 மே மாதம் யாரோ கால்வாய்க்கு டைனமைட் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. சுமார் எழுபது பேர் காரில் வந்து, லோன் பைனுக்கு வடக்கே அலபாமா மதகைக் கைப்பற்றிச் சக்கரங்களைத் திருப்பிவிட்டார்கள். நகரத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் பழைய ஆற்றுப் படுகையில் சலசலத்து ஓடத் தொடங்கியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. கலகம் என்றால் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்ப்பீர்கள். இது திருவிழாவாகப் போய்விட்டது. பிஷப்பில் கடைகளைச் சாத்திவிட்டு வியாபாரிகள் வந்தார்கள். பெண்கள் அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் ஓடியாடினார்கள், இறைச்சி நெருப்பில் வாட்டப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் இரவும் பகலும் அங்கேயே கிடந்தார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பி வாசிக்கச் சொன்னார். கவுண்டி ஷெரிஃப் வந்து பார்த்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். ஆளுநரிடம் படை கேட்கப்பட்டது, அவர் அனுப்பவில்லை. நான்கு நாள் தண்ணீர் சொந்த ஆற்றில் ஓடியது. பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது என்று நம்பி, 20ஆம் தேதி அவர்களே மதகை மூடிவிட்டுக் கலைந்தார்கள். நம்பியபடி எதுவும் நடக்கவில்லை.

இதற்கெல்லாம் தலைமை தாங்கியவர்கள் வாட்டர்சன் சகோதரர்கள், வில்ஃப்ரெடும் மார்க்கும். கவுண்டியின் வங்கி அவர்களுடையது. எல்லார் சேமிப்பும் அங்கேதான். 1927 ஆகஸ்டில் ஐந்து கிளைகளும் ஒரே நாளில் மூடிவிட்டன. கணக்கைத் தோண்டினால் பணம் இல்லை. இல்லாத பணத்தை இருப்பதாக எழுதி, பள்ளத்தாக்கின் தொழில்களைத் தாங்கிப் பிடிக்க இங்கிருந்து அங்கே திருப்பியிருந்தார்கள். வழக்கு எங்கே நடந்தது தெரியுமா? நாம் இப்போது எந்தத் தூண்களுக்கு முன்னால் நிற்கிறோமோ, அங்கேதான். குற்றம் சாட்டிய அரசு வழக்கறிஞர் அவர்களுடைய நண்பர். தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் அண்டை அயலார். சகோதரர்கள் சான் குவென்டின் சிறைக்குப் போனார்கள், ஊராரின் சேமிப்பும் எதிர்ப்பும் சேர்ந்தே போயின. மிச்சம் இருந்தவர்கள் நகரத்துக்கே நிலத்தை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். மல்ஹாலண்டுக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஓவன்ஸ் ஏரி 1920களின் நடுவிலேயே வற்றிவிட்டது. காற்று அடித்தால் உப்புத் தூசி ஊர் ஊராக எழுந்தது. அமெரிக்காவிலேயே இப்படி மூச்சில் போகிற நுண்தூசி அதிகம் கிளம்பிய இடம் அந்த ஏரிப் படுகைதான். 1970இல் நகரம் இரண்டாவது கால்வாயைத் திறந்து நிலத்தடி நீரையும் உறிஞ்சத் தொடங்கியதும் ஊற்றுகள் காய்ந்தன. அப்போதுதான் இந்தச் சின்ன அலுவலகம் விழித்துக்கொண்டது. 1972இல் நகரத்தின் மேல் கவுண்டி வழக்குப் போட்டது. டைனமைட்டும் மதகும் சாதிக்காததைச் சுற்றுச்சூழல் சட்டமும் சளைக்காத வக்கீல்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதித்தார்கள். 1991இல் ஒப்பந்தம் வந்தது: கவுண்டியும் நகரமும் உட்கார்ந்து, செடிகொடி வாடாத அளவுக்குத்தான் நீர் எடுப்பது என்று. கீழ் ஓவன்ஸ் ஆற்றில் மறுபடி தண்ணீர் விடுவதாகவும் பேச்சு. காலம் கடத்தியதற்காக நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்று நீதிபதி போட்ட பிறகு, 2006 டிசம்பரில் சுமார் நூறு கிலோமீட்டர் ஆறு உயிர் பெற்றது. ஏரித் தூசியை அடக்க நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. ஆழமில்லாமல் தேக்கிய நீரில் இப்போது ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்குகின்றன.

நேயர்களே, ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் வடக்கே பிஷப் வரை காரில் போங்கள். அங்கே ஆட்டிடையர் ரொட்டி என்று கோபுரம் போல உப்பிய ரொட்டி விற்பார்கள், சுடச்சுட வாங்கிப் பிய்த்துத் தின்ன வேண்டும். அறுத்துத் தின்றால் சுவை பாதி. போகிற வழியில் விளம்பரப் பலகை அதிகம் இல்லை, அடுக்குமாடி இல்லை; மலையடிவாரம் வரை வெட்டவெளி. எவ்வளவு அழகு என்று எல்லோரும் சொல்வோம். அதில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் சொத்து, இரண்டரை லட்சம் ஏக்கர் அளவுக்கு. தண்ணீருக்காக வாங்கிப் பூட்டி வைத்ததால் யாரும் வீடு கட்டவில்லை. மீதியில் பெரும்பாலானது மத்திய அரசுடையது. தனியார் கையில் இருப்பது கவுண்டியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. கவுண்டிக்கு மிகப் பெரிய சொத்துவரி கட்டுகிறவரும் அதே நகரம்தான். வழக்குப் போடுவதும் அவர்கள் மேல், அலுவலகம் நடப்பதும் அவர்கள் காசில்! உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், நகரம் வராவிட்டால் இதுவும் இன்னொரு புறநகராகியிருக்கும் என்பார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர் உடனே சண்டைக்கு வருவார். நான் அந்தப் பேச்சில் வாய் திறப்பதில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த ஆண்டு எவ்வளவு பம்ப் செய்யப் போகிறோம் என்று நகரம் திட்டம் கொடுக்கும், கவுண்டி அதைப் பிரித்துப் படித்துக் கேள்வி கேட்கும். பத்தொன்பதாயிரம் பேரின் பிரதிநிதிகளும் நாற்பது லட்சம் பேரின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்காருவார்கள். அந்த மேசையில் எனக்கு ஒரு குறை உண்டு. 1939இல் நகரமும் மத்திய அரசும் நிலம் மாற்றிக்கொண்டு பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களில் பையூட் மக்களுக்குக் குடியிருப்பு நிலம் ஒதுக்கினார்கள். நிலம் மட்டும்தான் கைமாறியது. நீர் உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள், இன்னும் பார்த்தபாடில்லை. கவுண்டிக்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, பறவைக்கும் தண்ணீர் கிடைத்துவிட்டது. முதல் வாய்க்காலை வெட்டியவர்களின் கணக்கைத் தீர்க்காமல் இந்தத் தண்ணீர் வழக்கு முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.