ஹந்தானைக்கு மேலே ஒரு கேத்தல்

கண்டி என்றதும் தலதா மாளிகையும் வாவியும் உங்கள் கண்ணுக்குள் வந்து நின்றிருக்கும். அவற்றை நான் சொல்லியா தெரிய வேண்டும்? வாருங்கள், ஹந்தானை வீதியில் ஏறுவோம். பழைய தேயிலை ஸ்டோர் நூதனசாலையாகி இருக்கிறதே, அதையும் தாண்டி. சின்ன வயதில் அந்தப் பக்கத்து லயமொன்றில்தான் எங்கள் மாமி இருந்தா. பொழுதுபட்டால் சுடச்சுட ரொட்டி, கட்டச் சம்பல், கேத்தல் நிறையச் சாயத் தேத்தண்ணி, கடித்துக்கொள்ளக் கித்துல் கருப்பட்டி.

கேத்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லயத்து வாசலில் இருந்து தெற்கே பார்த்தால் தனுசு ராசி. அதன் எட்டு நட்சத்திரங்களைக் கோடிட்டுச் சேருங்கள். பிடியும் மூடியும் மூக்கும் வைத்த கேத்தல் அச்சொட்டாக வரும். மூக்கிலிருந்து ஆவி பறக்கிற மாதிரிப் பால்வீதி. அந்த மூக்கு நுனிக்குச் சற்றுத் தள்ளி, 26,000 ஒளியாண்டு தூரத்தில்தான் பால்வீதியின் நடு மையம் இருக்கிறது.

இடையில் தூசு மண்டிக் கிடப்பதால் அங்கிருந்து வெளிச்சம் நம் கண்ணுக்கு எட்டாது. எக்ஸ் கதிர் தூசைத் துளைத்து வரும். ஆனால் வந்ததை நமது காற்றுமண்டலம் விழுங்கிவிடும். அதற்காகத்தான் 1999 ஜூலையில் சந்திரா தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். மையத்தில் 40 இலட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை. கொதிப்பெல்லாம் அதனுடையது என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை நேயர்களே, அது பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. 2000 ஒக்டோபரில் சில மணிநேரம் சுடர்விட்டு மறுபடி தணிந்தது. அதைச் சுற்றி, ஹந்தானைப் பனிமூட்டம் போல எக்ஸ் கதிர் பரந்திருக்கிறது. அந்த மூட்டத்துக்குள் சந்திரா 2,000க்கும் மேற்பட்ட தனித்தனிப் புள்ளிகளைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை வெண்குள்ள விண்மீன்கள் என்று கருதுகிறார்கள். எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்தான் வெண்குள்ளன். பக்கத்து விண்மீனின் வாயுவை அது இழுக்கும். விழுகிற வாயு கோடிக்கணக்கான பாகை சூடேறி எக்ஸ் கதிரைக் கக்கும்.

வெண்குள்ளன் ஒன்று சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது. 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அந்த எல்லைக்கான கணக்கைப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயதுச் சந்திரசேகர். தொலைநோக்கிக்கு வைத்ததும் அவர் பெயர்தான். கப்பலில் அந்தப் பிள்ளை கணக்குப் போட்ட விண்மீன்களை, அவர் பெயரைத் தாங்கிய கருவியே தேடிப் பிடித்திருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பெரஹெர முடிந்து ஒரு வாரம் பொறுங்கள். நிலவு பிந்தித்தான் எழும்பும். இரவு எட்டு மணிக்கு ஹந்தானையில் நின்று தெற்கே அண்ணாந்து பாருங்கள். கேத்தல் பாதி வானத்துக்கு மேலே நிற்கும்.