பெருநாள் நகரும், கணக்கும் நகர வேண்டும்



பொன்விழாவில் வியாபாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எக்கானமெட்ரிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன். தமிழில் பொருளாதார அளவையியல் என்பார்கள். பயப்பட வேண்டாம், நானும் பாலிடெக்னிக் டிப்ளமாவோடு நின்றவன்தான். அந்தப் புத்தகத்தைத் திறந்து, கிரேக்க எழுத்துகளைக் கண்டதும் மூடி வைத்தவன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் துணிக்கடையின் கணக்கும், நான் செய்த ஒரு தவறும்.

2025 தொடக்கத்தில், அத்தா காலத்திலிருந்து கடையில் இருக்கும் ஓர் அண்ணனிடம் சரக்கு எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். அதே சமயம் நான் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட ஆரம்பித்தேன். மார்ச் விற்பனை, 2024 மார்ச்சைவிட நன்றாகக் கூடியது. "என் விளம்பரம்" என்றேன். ஏப்ரல் விற்பனை, 2024 ஏப்ரலில் ஏறக்குறைய பாதிதான். "அண்ணன் எடுத்த சரக்கு" என்றேன். அதை வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னேன். பொறுப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு அத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "போன வருஷம் பெருநாள் என்னைக்குப்பா?"

2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10. 2025இல் மார்ச் 31. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். 2024இல் பெருநாள் கூட்டம் ஏப்ரல் 9 இரவு வரை கடையில் நின்றது. 2025இல் அது மார்ச்சோடு முடிந்துவிட்டது. மார்ச்சை ஏற்றியதும் ஏப்ரலை இறக்கியதும் பிறைதான். லாபத்துக்கு நான் காரணம், நட்டத்துக்கு அண்ணன் காரணம் என்று நான்தான் எழுதிக்கொண்டேன்.

கணக்கில் சேர்க்காமல் விட்ட இப்படிப்பட்ட காரணத்தை 'விடுபட்ட மாறி' என்கிறார்கள். அதைச் சேர்க்கும் வழி எளிது. ஒவ்வொரு நாள் விற்பனைக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டேன். பெருநாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் வந்தால் 1, இல்லையென்றால் 0. பிறகு 1ஐ 1ஓடும் 0ஐ 0ஓடும் ஒப்பிட்டேன். விற்பனை குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருந்தது. மலேசியப் புள்ளிவிவரத் துறையும் மாதக் கணக்குகளைச் சீர்செய்யும்போது நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி போன்ற நகரும் பண்டிகைகளைக் கணக்கில் எடுக்கிறது.

இது துணிக்கடைக்கு மட்டுமல்ல. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் பானம் விற்பவரை நினைத்துப் பாருங்கள். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டு அவர் கடையை மூடினால் நட்டம் யாருக்கு?

கடை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு மூன்று சொல்கிறேன். முதலில், விற்பனையை நாள்வாரியாகக் காகிதத்தில் கோடாக வரைந்து பாருங்கள், சூத்திரம் பிறகு. இரண்டாவது, "இது மாறியபோது வேறு என்னென்ன மாறியது?" என்று கேளுங்கள், கடையில் மூத்தவர்களையும் கேளுங்கள். மூன்றாவது, இரண்டு வருடம் என்பது இரண்டே புள்ளி. கொஞ்சம் கூடியதற்கு அண்ணன்தான் காரணம் என்றும் நான் இன்னும் சொல்ல மாட்டேன்.

ஆனால் குறைந்ததற்கு அவர் காரணமில்லை என்பது தெரிந்துவிட்டது. அதே கல்லாப்பெட்டி முன்னால், ஆட்கள் இருக்கும்போதே, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பொறுப்பைத் திரும்பக் கொடுத்தேன். அளவையில் நீதி வேண்டும் என்பது தராசுக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் சேர்த்துத்தான்.