இழுவையைத் தாங்குவது எது?

ராகலைக் குளிரில் விடியும்போதே தேத்தண்ணிக்குக் கேத்தல் போடுவோம். கொதித்ததும் பிளக்கைப் பிடித்தா கழற்றுகிறோம்? வயரைப் பிடித்துத்தான் இழுக்கிறோம்!

பிளக்கை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து பாருங்கள். வயர் நுழையுமிடத்தில் சின்னப் பிடி ஒன்று இருக்கும். அது வயரின் வெளித்தோலைக் கவ்வியிருக்க வேண்டும். ஆமாம், வெளித்தோலை. உள்ளிருக்கும் மெல்லிய வயர்களை அல்ல.

கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலைக்கயிறு தாங்குகிறது; பறிக்கும் விரல்களா தாங்குகின்றன? பிளக்கும் அப்படித்தான். இழுவையைப் பிடி தாங்கட்டும், உள்வயர்களை இறுக்கும் ஸ்க்ரூ தாங்கக் கூடாது.

பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் வயர். அதை மட்டும் சற்று நீளமாக விடுங்கள். இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அதுதான்.

கேத்தல் பிளக்கை இன்றைக்கே பாருங்கள். பிடி வெளித்தோலில் இல்லையென்றால், சரிசெய்யும்வரை அடுப்பிலேயே தண்ணீர் கொதிக்கட்டும்.